மலிவான மைதானம்

முதுமை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? ஒரு சாய்மனைக் கதிரை, சில மருந்துப் போத்தல்கள், வாசலைப் பார்த்தபடி இருக்கும் ஓர் உருவம். உழைத்து ஓய்ந்தவர்களுக்கு வேளைக்கு உணவும் மருந்தும் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். அவர்களுக்கு விளையாட்டும் வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவோம்.

சிரிக்காமல் சற்றுக் கேளுங்கள், சகோதரிகளே.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகருக்கு அருகே, சன் சிட்டி என்றோர் ஊர் உண்டு. பருத்தி விளைந்த நிலத்தில் டெல் வெப் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர் முதியவர்களுக்கென்றே அமைத்த ஊர் அது. 1960 ஜனவரி 1ஆம் திகதி அதைத் திறந்து வைத்தபோது, முதல் மூன்று நாட்களில் சுமார் ஒரு இலட்சம் பேர் பார்க்க வந்தார்கள். மாதிரி வீடுகளோடு கொல்ஃப் மைதானமும் கடைத்தொகுதியும் பொழுதுபோக்கு நிலையமும் அன்றே ஆயத்தமாக இருந்தன.

கொல்ஃப் என்றால் செல்வந்தர் விளையாட்டு என்பதே பொதுவான எண்ணம். அங்கே அப்படியல்ல. வீட்டு உரிமையாளர்களே உறுப்பினராயுள்ள, இலாப நோக்கற்ற அமைப்பொன்று எட்டு மைதானங்களை நடத்துகிறது. செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வதால், ஓய்வூதியத்தில் வாழ்பவரும் ஆட முடிகிறது.

தடியால் பந்தை அடித்து, 18 குழிகளில் ஒவ்வொன்றாக விழுத்துவதே ஆட்டம். முழு அளவான மைதானத்தில் தேர்ந்த ஆட்டக்காரருக்கு வகுத்த அளவு ஏறத்தாழ 72 அடிகள். சன் சிட்டியின் வில்லோபுரூக் மைதானத்திலோ 60 மட்டுமே. தூரம் குறைவு, ஆகவே கை தளர்ந்தவரின் பந்தும் குழியைச் சென்றடையும். நடக்க இயலாதவர் சிறு வண்டியில் போகலாம். அதே வண்டியில் வீதிவழியே கடைக்கும் போய் வருகிறார்கள். முதியவரின் பலத்தை அறிந்து ஆட்டத்தை இலகுவாக்கியிருக்கிறார்கள். இது பாராட்ட வேண்டிய பண்பு.

ஆனால் ஒரு பொருள் மலிவு என்றால், மீதி விலையை யார் கொடுக்கிறார் என்றும் கேட்க வேண்டும் அல்லவா?

அது பாலைவனம். ஆண்டு மழை 200 மில்லிமீற்றருக்கும் குறைவு. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். அங்கே புல் தானாகப் பசுமையாக நிற்பதில்லை. கோடைக்கு ஒரு புல். குளிர்காலத்தில் அது காய்ந்ததும் அதன்மேல் வேறொரு புல் விதைப்பார்கள். இரண்டுக்கும் நீர் பாய்ச்ச வேண்டும். நிலத்தடி நீர் வற்றுவதைக் கண்டு அரிசோனா 1980இல் சட்டம் இயற்றி, கொல்ஃப் மைதானங்களுக்கும் வரம்பு விதித்தது. இன்று இறைக்கும் நீர் நாளைய பிள்ளைகளுக்கும் உரியது.

பிள்ளைகளைப் பற்றி இன்னொரு செய்தி. அவ்வூர் வீடொன்றில் ஒருவருக்கேனும் 55 வயது நிறைந்திருக்க வேண்டும். 19 வயதுக்குக் குறைந்தவர்கள் அங்கே நிரந்தரமாக வாழ முடியாது. பேரப்பிள்ளை விருந்தாளியாக மட்டுமே வரலாம். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும், பாடசாலைக் கட்டடங்களுக்கு நிதி திரட்டும் யோசனைகளை அம்மக்கள் பல தடவை வாக்களித்துத் தோற்கடித்தனர். கடைசியில் அவ்வூர் அந்தப் பாடசாலை நிர்வாகப் பிரிவிலிருந்தே விலகியது. அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல நான் துணியேன். தம் பிள்ளைகளை வேறெங்கோ வளர்த்து ஆளாக்கி முடித்தவர்கள் அவர்கள்; வருமானமும் அளவோடுதான். அவர்களுள் பலர் ஊர் வீதிகளைக் கூலியின்றித் துப்புரவாக்குகிறார்கள். ஆயினும் பிள்ளைகளின் சத்தம் கேட்காத ஊரில், பிள்ளைகளின் தேவையும் கண்ணுக்குப் படாமல் போய்விடுகிறது.

நம் வீட்டுப் பெரியவர்களைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அது பெரும் பாக்கியம். ஆனால் அவர்களுக்கென்று ஒரு நேரம், ஒத்த வயதுத் தோழர், தம் பலத்திற்கேற்ற ஒரு வேலை அல்லது விளையாட்டு இருக்கிறதா? பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதே போதும் என்று நாமாகத் தீர்மானித்துவிட்டோமா?

தேநீர் கொடுக்கும்போது வாப்பாவிடமும் உம்மாவிடமும் இன்றே கேட்டுப் பாருங்கள்: "உங்களுக்கு என்ன செய்ய ஆசை?" பதில் உடனே வராது. அவர்களிடம் யாரும் இதைக் கேட்டு நெடுங்காலமாகியிருக்கும். பொறுமையாகக் காத்திருங்கள்.