மனித அளவு என்றொரு கட்டுக்கதை

அமெரிக்காவில் சில ஆண்டுகள் குடியிருந்துவிட்டு வரும் நம்மவர்களிடம் ஒரு வாசகம் தொற்றிக்கொண்டு வருகிறது: "செல்சியஸ் தண்ணீருக்கான அளவு, பாரன்ஹீட்தான் மனுஷனுக்கான அளவு." பூஜ்யம் என்றால் கொடுங்குளிர், நூறு என்றால் கொடும் வெயில், எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் என்ன உடுத்துவது என்று தெரிந்துவிடுமாம். அமெரிக்கர்கள் சொல்வதை இவர்கள் அப்படியே ஒப்பிக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் உரசிப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடுகிறது.

டேனியல் கேப்ரியல் பாரன்ஹீட் 1724இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் மூன்று புள்ளிகளைச் சொன்னார். பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றும் சேர்ந்த கலவையின் குளிர் 0. வெறும் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீர் 32. நல்ல உடல்நிலையில் உள்ள மனிதரின் உடல் சூடு 96. ஆக மூன்றில் இரண்டு தண்ணீர் சமாசாரம். நூறு என்பது அவர் குறித்த புள்ளியே அல்ல. மனிதனுக்காகவே வார்த்தெடுத்த அளவு என்று கொண்டாடுகிறவர்கள், அதை வார்த்தவர் என்ன செய்தார் என்பதையும் ஒரு முறை பார்க்கலாம்.

சரி, அவர் நினைக்காவிட்டால் என்ன, தற்செயலாக அப்படி அமைந்துவிட்டதே என்பார்கள். அமைந்திருந்தால் நட்டநடுவில் இருக்கும் 50 அல்லவா சுகமான வெப்பமாக இருக்க வேண்டும்? 50 என்பது 10 செல்சியஸ். ஸ்வெட்டர் இல்லாமல் பத்து நிமிடம் பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியாது. சுகம் 70ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது. சென்னைக்காரர்களுக்கோ இந்த அளவில் பாதிக்கு மேல் வீண். 60க்குக் கீழே அவர்கள் ஊர் இறங்குவதே அபூர்வம். மினசோட்டாவின் குளிரும் கோடையும் 0 முதல் 100 வரை ஓரளவு பொருந்தலாம். அதற்காக அதை மனிதகுலத்தின் அளவு என்றால் எப்படி?

பழக்கத்தை இயற்கை என்று எண்ணுவதுதான் இங்கே கோளாறு. அதற்கு நம் நாளிதழ்களே சாட்சி. மே மாதத்தில் வேலூரில் வெயில் சதமடித்தது என்று பாரன்ஹீட்டில் படிக்கும் அதே வாசகர், ஜனவரியில் ஊட்டியில் 3 டிகிரி என்று செல்சியஸில் படித்து நடுங்குகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மறுபடி பாரன்ஹீட்டுக்கு வந்து 102 என்று பதறுகிறார். எங்கேயும் அவர் தடுமாறுவதில்லை. வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு அளவுகளையும் உடம்பு பழகிக்கொண்டிருக்கிறது.

எண்ணைப் பார்த்து உடுத்தலாம் என்ற இரண்டாம் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஜூலை மாதம் சான் பிரான்சிஸ்கோ, 60 டிகிரி பாரன்ஹீட். கலிபோர்னியா, அதிலும் கோடை என்று அரைக்கால் சட்டையோடு கோல்டன் கேட் பாலத்தில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். உள்நாட்டுச் சமவெளி வெயிலில் கொதிக்க, மேலெழும் சூடான காற்றின் இடத்தை நிரப்பப் பசிபிக்கின் குளிர்காற்று பாலத்துக்குக் கீழே உள்ள குறுகிய நீரிணை வழியாக மூடுபனியோடு பாய்கிறது. பாதிப் பாலம் தாண்டுவதற்குள் கைகள் அக்குளுக்குள் போய்விடும். ஊர் பெயர் அச்சிட்ட தடித்த ஸ்வெட்ஷர்ட்கள் சுற்றுலாக் கடைகளில் கோடையிலும் விற்பது ஞாபகார்த்தத்துக்காக மட்டுமல்ல. அதே 60, அக்டோபரில் டென்வரில், உலர்ந்த காற்றும் உச்சி வெயிலுமாக இருந்தால் அரைக்கைச் சட்டையோடு நடக்கலாம். காற்றின் கடிக்கு அமெரிக்காவும் கனடாவும் 2001இல் திருத்திய அட்டவணை ஒன்று உண்டு. அதன்படி 0 செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 6 போலத் தெரியும். ஆனால் 50 பாரன்ஹீட்டுக்கு மேல் அந்த அட்டவணை வாய் திறக்காது. பாலத்தில் நடுங்குகிறவருக்கு அதனாலும் உதவியில்லை. வானிலை அறிக்கையின் எண், நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து எடுப்பது. நம் சட்டையை அது பார்த்ததே இல்லை.

தண்ணீருக்கான அளவு என்று செல்சியஸைக் கேலி செய்கிறார்களே, குளிர் ஊரில் மனிதனுக்கு முக்கியமான எல்லைக்கோடே தண்ணீர் உறையும் புள்ளிதான். எந்தச் செருப்பு, நடைபாதை வழுக்குமா, குழாய் வெடிக்குமா எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. செல்சியஸில் ஒரு கழித்தல் குறி அதைச் சொல்லிவிடும். பாரன்ஹீட்டில் 32 என்று மனப்பாடம் செய்ய வேண்டும். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பதுதான் உண்மையில் பொல்லாதது. 35 பாரன்ஹீட்டில் பெய்யும் மழை, இறகு அடைத்த ஜாக்கெட்டை ஊறவைத்து ஈரத் துணிமூட்டை ஆக்கிவிடும். 20இல் விழும் உலர்ந்த பனியைத் தோளிலிருந்து தட்டிவிட்டுப் போகலாம். எண் பெரியது, நடுக்கமும் பெரியது. மனித அளவுக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கணக்குப் போடத் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: செல்சியஸை 1.8ஆல் பெருக்கி 32 கூட்ட வேண்டும். இரட்டித்து 30 கூட்டும் குறுக்குவழியே மிதமான குளிருக்குத் தாராளம். 10க்கு மிகச் சரியாக 50 வரும். 20க்கு 70 வரும், அசல் 68. கோடையில் மட்டும் நம்பாதீர்கள். 40ஐ 104க்குப் பதில் 110 ஆக்கிவிடும். வெப்பம் 3 டிகிரி குறையும் என்று செல்சியஸில் சொன்னால் 32ஐக் கூட்டவே கூடாது. பாரன்ஹீட்டில் குறைவது வெறும் 5.4.

கணக்கை முடித்துவிட்டு எண்ணுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் காற்றின் வேகத்தையும் மழை வாய்ப்பையும் பாருங்கள். குளிர் ஊருக்குக் கிளம்பும்போது பயணப் பெட்டியில் ஒரே தடித்த ஜெர்கினுக்குப் பதிலாக மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் ஒன்றும் காற்றும் மழையும் புகாத மேலங்கி ஒன்றும் வையுங்கள்; இரண்டுக்கும் நடுவே தங்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது, வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிக்கொள்ளவும் முடியும். மலையேறுகிறவர் உள்ளே பருத்தி பனியனைத் தவிர்ப்பது நல்லது. வியர்வையில் நனைந்தால் அது லேசில் காயாது. நடை நின்றதும் முதுகில் ஈரத்துணி ஒட்டிக்கிடக்கும்.