பாரசீகத்துப் புகையிலையும் கூடலூர்க் கொழுந்தும்

ஒரு தேசத்தில் விளையும் பொருளை வாங்குவதற்கு ஒரே ஒருவர்தான் இருக்கவேண்டும் என்று அரசாங்கமே ஏற்பாடு செய்துவிட்டால், அதை விளைவிக்கிற குடியானவனுடைய கதி என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பாரசீக நாடு சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் இறுதியில் தன் அநுபவத்தால் விடை கண்டது. 1890-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாசிருத்தீன் ஷா என்ற மன்னர், மேஜர் டால்பட் என்னும் ஆங்கிலேயருக்கு, தம் ராஜ்ஜியத்தில் விளையும் புகையிலை அனைத்தையும் வாங்கவும் விற்கவும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யவும் 50 ஆண்டுகளுக்கு ஏகபோக உரிமை எழுதிக் கொடுத்தார். இதற்குப் பிரதியாக மன்னருக்கு வருஷத்துக்கு 15,000 பவுண்டும், லாபத்தில் நாலில் ஒரு பங்கும் கிடைக்கும் என்பது ஒப்பந்தம். பயிரிட்டவனும், அவனிடம் வாங்கி ஊர் ஊராக விற்றுப் பிழைத்த வர்த்தகனும், மாலை வேளையில் ஹூக்காவின் முன் அமர்ந்து இளைப்பாறிய சாமானியனும் ஒரே நாளில் லண்டனில் ஏற்பட்ட ஒரு கம்பெனியின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியவர்களானார்கள்.

அவர்கள் நிற்கவில்லை. 1891-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் ஷிராஸ் நகரத்தில் மூண்ட கிளர்ச்சி தப்ரீஸுக்கும் இஸ்பகானுக்கும் தெஹ்ரானுக்கும் பரவிற்று, கடைவீதிகள் அடைக்கப்பட்டன, அவ்வருஷம் டிசம்பர் மாதம், சாமர்ரா நகரத்தில் வசித்த மிர்சா ஹசன் ஷிராசி என்ற பெரும் மதாசாரியரின் பெயரால், புகையிலையை எவ்விதத்தில் உபயோகித்தாலும் அது இமாமை எதிர்த்து யுத்தம் செய்வதற்குச் சமானம் என்று ஓர் ஆணை பிறந்தது. புகைபிடிப்பதைத் தினசரி வாழ்வின் ஓர் அங்கமாகவே கொண்டிருந்த ஒரு ஜனசமூகம் சில தினங்களுக்குள் அதை அடியோடு நிறுத்திவிட்டது என்பதும், மன்னருடைய அந்தப்புரத்துப் பெண்களே ஹூக்காவை ஒதுக்கிவிட்டார்கள் என்பதும் சரித்திராசிரியர்கள் வியந்து எழுதியிருக்கும் விஷயங்கள். 1892 ஜனவரியில் ஷா அந்த உரிமையை முற்றிலும் ரத்து செய்தார். கம்பெனிக்குக் கொடுத்த நஷ்டஈடு 5 லட்சம் பவுண்டு; அதற்காக ஆங்கிலேயர் நடத்திய பாரசீக ஏகாதிபத்திய வங்கியிடம் வாங்கிய தொகைதான் அந்நாட்டின் முதல் வெளிநாட்டுக் கடன். மன்னர் ஒருவர் போட்ட கையெழுத்துக்கு ஜனங்கள் வட்டி கட்ட நேர்ந்ததை நினைக்கும்போது, அந்த வெற்றியைக் கொண்டாடுகிற மனம் சற்றே கனக்கத்தான் செய்கிறது.

புகையிலையில் இவ்வளவு விரைவாக ஜயித்த அதே ஜனங்களால் துணி விஷயத்தில் ஏன் ஜயிக்க முடியவில்லை என்பதே என்னைப் பல காலமாக ஆட்கொண்டிருக்கும் கேள்வி. 1828-ஆம் ஆண்டில் ருஷியாவிடம் யுத்தத்தில் தோற்றுத் துருக்மன்சாய் என்ற இடத்தில் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, ருஷிய வர்த்தகர்களின் சரக்குக்கு நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேல் சுங்கம் விதிக்கும் அதிகாரத்தைப் பாரசீகம் இழந்தது. 1841-இல் ஆங்கிலேயரும் அதே சலுகையைப் பெற்றார்கள். அந்நிய வியாபாரி எல்லையில் அந்த 5 வீதத்தை ஒரு முறை செலுத்திவிட்டால் தேசம் முழுவதும் தடையின்றித் தன் துணியைக் கொண்டுபோகலாம். உள்நாட்டு வியாபாரியோ வழிநெடுக, நகரத்துக்கு நகரம், வழிச்சுங்கம் கட்டிக் கட்டி நலிந்தான். லங்காஷயர் ஆலைத் துணியும் ருஷியத் துணியும் கடைவீதிகளில் குவிய, இஸ்பகான் நகரத்துத் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன.

புகையிலைக் கிளர்ச்சியில் தம் பலத்தை அறிந்த வர்த்தகர்களும் மதாசாரியர்களும் இந்த அநீதியையும் அதே வழியில் எதிர்க்க முனைந்தார்கள். 1899-ஐ ஒட்டி இஸ்பகானில் சுதேசத் துணியைப் பெருக்குவதற்கென்றே இஸ்லாமியக் கம்பெனி என்ற பெயரில் ஒரு ஸ்தாபனம் தோன்றிற்று. சையித் ஜமாலுத்தீன் என்ற புகழ்பெற்ற பிரசங்கி அதை ஆதரித்து ஒரு நூலே எழுதினார். அந்நியத் துணியைக் கோடியாகப் போர்த்திய பிரேதத்துக்குத் தொழுகை நடத்துவதில்லை என்று அந்நகரத்து மதாசாரியர்கள் பிரதிக்ஞை செய்துகொண்ட அளவுக்கு உற்சாகம் கரைபுரண்டது. ஆயினும் அந்தக் கம்பெனி நிலைத்து நிற்கவில்லை. புகைக்காமல் ஒரு மனிதன் இருந்துவிடலாம், உடுக்காமல் இருக்க முடியாது. சுதேசத் துணி வேண்டுமென்று மனம் சொன்னாலும், அந்நியத் துணியைவிட அதிக விலைக்கு அதை வாங்கும்படி ஏழையை எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? சுங்க வரியை நிர்ணயிக்கும் உரிமை கையில் இல்லாத தேசத்தில் ஜனங்களின் தியாகத்துக்கு ஓர் எல்லை உண்டு.

அந்த உரிமை இல்லாமையின் கொடுமை தேயிலையையும் தொட்டது. 1900-இல் ருஷியாவிடம் பெருங்கடன் பட்ட பாரசீக அரசு, மறு வருஷம் ஒரு புதிய சுங்க உடன்படிக்கைக்கு இணங்கிற்று. 1903-இல் அமுலுக்கு வந்த அந்த ஏற்பாட்டில் ருஷியாவின் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் சலுகை கிடைக்க, இந்தியாவிலிருந்து போன தேயிலையின் மீது வரி கடுமையாக உயர்ந்தது. சுங்க இலாகாவை நடத்தியவர் நௌஸ் என்ற பெல்ஜியர். அவர் மீது வர்த்தகர்களுக்கு இருந்த கோபம், 1905 டிசம்பரில் தெஹ்ரானில் சர்க்கரை வியாபாரிகளைப் பிடித்துப் பாதத்தில் அடித்த சம்பவத்தோடு சேர்ந்து, அரசியல் சட்டக் கிளர்ச்சியாக மூண்டது. 1906 அக்டோபரில் பாரசீகத்தின் முதல் மஜ்லிஸ், அதாவது பாராளுமன்றம், கூடிற்று. கூடியவுடன் புதிய அந்நியக் கடனை மறுத்தது. நௌஸையும் விலக்க வைத்தது. அதே அக்டோபர் மாதத்தில்தான் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசி நாவாய்ச் சங்கம், ரூ.25 வீதம் 40,000 பங்குகள் கொண்ட 10 லட்ச ரூபாய் மூலதனத்தைக் குறிக்கோளாக வைத்துப் பதிவாயிற்று. இரு தேசங்களிலும் ஒரே தருணத்தில் வர்த்தகமும் சுதந்திரமும் ஒன்றே என்ற உணர்வு பிறந்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. இங்கேயும் இந்திய ஆலைத் துணியின் மீது 1896 முதல் நூற்றுக்கு 3½ வீதம் உற்பத்தி வரி போட்டு, லங்காஷயரின் நலனைக் காத்தவர்கள் ஆட்சியில் இருந்தார்களல்லவா? போட்டிக் கம்பெனி கட்டணத்தை அடியோடு குறைத்தபோதும் தளராமல் கப்பல் ஓட்டிய பிள்ளையவர்களை 1908-இல் சிறையில் அடைத்த பிறகே அந்தச் சங்கம் நொடித்தது. பாரசீகம் தன் சுங்கத்தைத் தானே விதிக்கும் உரிமையை 1928-இல், சரியாக 100 வருஷம் கழித்து, மீட்டது. அதன் பின்னரே இஸ்பகானில் ஆலைகள் வரிசையாக எழ, நம் கோயமுத்தூரைப் போலவே அந்நகரமும் மான்செஸ்டர் என்ற பட்டத்தைப் பெற்றது.

முதுமலைக் காட்டின் ஓரத்தில், மண்டாடன் செட்டிகளின் வயல்களும் பணியர் குடியிருப்புகளும் பிற்காலத்தில் குடியேறியவர்களின் தேயிலைச் சரிவுகளும் கலந்து கிடக்கும், நீலகிரியின் கூடலூரைச் சார்ந்த எங்கள் ஸ்ரீமதுரையில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சரித்திரத்தைப் படிப்பவனுக்கு, அது வெறும் பழங்கதையாகத் தோன்றாது. இங்கே ஏகபோக உரிமையை எழுதிக்கொடுத்த ஷா எவரும் இல்லை. அப்படி ஒருவர் தேவைப்படவும் இல்லை. புகையிலையை உலர்த்திப் பரணில் போட்டு, விலை வரட்டும் என்று ஒரு வருஷம் காத்திருக்கலாம். காலையில் பறித்த கொழுந்தோ சாக்கில் அடைபட்டுச் சில மணி நேரம் கிடந்தாலே உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துவிடும். மாலைக்குள் ஆலைக்குப் போகாத இலை குப்பைக்குத்தான் போகும். ஆகவே சாலையோரத்தில் சாக்குகளை அடுக்கிவிட்டு லாரிக்காகக் காத்திருக்கும் சிறு விவசாயி, நீர்க்கழிவு என்று ஏஜெண்டு எத்தனை கிலோவைத் தள்ளினாலும் வாய் திறவாமல் ஏற்றி அனுப்புகிறார். இன்று எடைபோட்ட இலைக்கு என்ன விலை என்பது அடுத்த மாதத்தில்தான் அவருக்குத் தெரியவரும். சோவியத் யூனியன் கலைந்து அங்கே நம் தேயிலைக்கு இருந்த சந்தை சுருங்கியதற்குப் பின் 1990-களின் இறுதியில் விழுந்த பசுந்தேயிலை விலை விவசாயிகளை எவ்வளவு வதைத்தது என்பதையும், நியாய விலை கேட்டு 2023-இல் கோத்தகிரிப் பக்கத்தில் படுகர் சமூகத்தார் உண்ணாவிரதம் இருந்ததையும் இந்த மலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இலையை நிறுத்திவைத்துப் போராடுவோம் என்று அவ்வப்போது எழும் குரலை நான் மதிக்கிறேன். ஆனால் நம் பண்டத்தின் இயல்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பறிக்காமல் விட்டால் கொழுந்து முற்றிக் கரடாகும், பறித்து வைத்தால் கெடும், இரண்டிலும் நஷ்டம் விவசாயிக்கே. ஆகையால் நமக்குள்ள மார்க்கம், இலையைத் தூளாக்கும் ஆலை விவசாயிகளுடையதாகவே இருக்கவேண்டும் என்பதுதான். தூளான பின் தேயிலைக்கும் காத்திருக்கும் சக்தி வந்துவிடுகிறது. இந்த உண்மையை உணர்ந்த பெரியோர்கள் 1960-களிலேயே கூட்டுறவுத் தொழிற்சாலைகளைத் தொடங்கி, 1965-இல் இன்கோசர்வ் என்ற இணையத்தையும் ஏற்படுத்தினார்கள். கூடலூருக்குப் பக்கத்தில் சாலிஸ்பரி கூட்டுறவுத் தொழிற்சாலையும் இருக்கிறது. அங்கத்தினர்களாகிய நாமோ, தனியார் ஆலை கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்த மாதத்தில் கூட்டுறவை மறந்துவிட்டு, விலை விழுந்த மாதத்தில் மாத்திரம் அதன் வாசலில் போய் நிற்கிறோம். அந்த ஒரு ரூபாய், தூத்துக்குடியில் எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்த அதே உபாயந்தான். மறுபக்கத்தில், அங்கத்தினரின் இலைக்குரிய பணத்தைக் காலதாமதமின்றிக் கொடுப்பதும் பழைய இயந்திரங்களைப் புதுப்பிப்பதும் அரசாங்கத்தின் கடமை. அதைச் செய்யாமல் விசுவாசத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று.

தேயிலை வாரியம் ஏல விலையைக் கொண்டு மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு ஒரு குறைந்தபட்ச விலையை அறிவித்து வருகிறது. அந்த விலை கொடுக்காத ஆலையின் உரிமத்தை நிறுத்திவைக்கும் துணிவு வாரியத்துக்கு வரவேண்டும். வெளிநாட்டுத் தேயிலைக்கு வரிச்சலுகை தரும் எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்திடுமுன் மத்திய சர்க்கார் இந்த மலையின் சிறு விவசாயிகளை அழைத்துக் கேட்கவேண்டும். சுங்கம் விதிக்கும் உரிமைக்காகத் தலைமுறை தலைமுறையாக நாம் போராடிப் பெற்றது அதை ஓசைப்படாமல் விட்டுக்கொடுப்பதற்காக அல்ல. எங்கள் கூடலூர் தாலுகாவுக்கென்று தனியாக ஒரு கோரிக்கையும் உண்டு. ஜன்மம் என்னும் பழைய நிலவுடைமையை ஒழித்த 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிக்கொண்ட நிலங்களின் விவகாரம் இன்னும் தீராமலிருப்பதால், பல தலைமுறைகளாக உழைத்துவரும் குடும்பங்களுக்குக்கூடப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடனும் மானியமும் எட்டாக்கனியாகி, அவர்கள் ஏஜெண்டு கொடுக்கும் முன்பணத்துக்குக் கட்டுண்டு, அவர் சொல்லும் விலைக்கே இலையைக் கொடுக்கிறார்கள். நிலவிவகாரம் தீர்கிற காலத்தில் தீரட்டும். அதுவரையில், கிராம நிர்வாக அதிகாரி தரும் சாகுபடிச் சான்றையே போதுமான ஆதாரமாகக் கொண்டு இவர்களுக்குக் கூட்டுறவில் அங்கத்தினர் உரிமையும் பயிர்க்கடனும் வழங்க, சட்டமன்றத்தின் வரப்போகும் கூட்டத்தொடரிலேயே அரசு உத்தரவிட வேண்டும்.