பாஸ்வேர்ட் தவறு என்றால், தவறு யாருடையது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அலுவலகத்தில் இமெயில் முகவரி கொடுத்தார்கள். பாஸ்வேர்டையும் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அப்படியேதான் டைப் செய்கிறேன். ஆனால் பாஸ்வேர்ட் தவறு என்றே செய்தி வருகிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?"

கடைசி வரியைப் பாருங்கள். தப்பு தன்னுடையதுதான் என்று கேட்பவரே முடிவு செய்துவிட்டார். பல இடங்களில் அப்படி இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நண்பர் ஒருவரின் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். கல்லூரியே அவளுக்கு ஒரு இமெயில் அக்கவுண்ட் தந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் புரோகிராமில் அதை அமைத்தால் பாஸ்வேர்ட் ஏற்கப்படவில்லை. கல்லூரியில் சர்வரைக் கவனிப்பவரிடம் போனில் கேட்டதற்கு, "சரியாக டைப் பண்ணும்மா" என்று பதில் வந்தது. மறுநாளும் அதே பதில்தான். உதவித்தொகைக்கான படிவம் அந்த முகவரிக்குத்தான் வருவதாக இருந்தது. அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவள் பயந்து போய், தான் வேறு இடங்களில் பயன்படுத்தும் பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் அக்கவுண்ட் பூட்டப்பட்டுவிட்டது.

உண்மையில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கும் கல்லூரியிலோ அலுவலகத்திலோ, பாஸ்வேர்டை மெயில் சர்வர் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. எல்லோருடைய பெயரும் பாஸ்வேர்டும் டைரக்டரி சர்வர் என்ற இன்னொரு சர்வரில் இருக்கும். மெயில் சர்வரை வாசலில் நிற்கும் வாட்ச்மேன் என்றும், டைரக்டரி சர்வரை உள்ளே ரிஜிஸ்டர் வைத்திருக்கும் கிளார்க் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் பெயரையும் பாஸ்வேர்டையும் வாட்ச்மேன் கிளார்க்கிடம் கேட்டு வருகிறார். இருவரும் பேசிக்கொள்ளும் மொழிக்கு எல்டேப் என்று பெயர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1993ல் வெளியான இந்த முறையைத்தான் ஓப்பன் எல்டேப், மைக்ரோசாப்டின் ஆக்டிவ் டைரக்டரி ஆகியவை இன்றும் பயன்படுத்துகின்றன.

கிளார்க் அனுமதி மறுக்கும்போது தரும் பதில் ஒரு எண். அது 49. பெயரே ரிஜிஸ்டரில் இல்லை என்றாலும் 49, பாஸ்வேர்ட் பொருந்தவில்லை என்றாலும் 49. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. "இந்தப் பெயரில் இங்கு யாரும் இல்லை" என்று தெளிவாகச் சொன்னால், திருட வருபவன் எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிடுவான். எனவே அந்நியரிடம் காரணத்தை மறைப்பது சரிதான்.

ஆனால் ஆக்டிவ் டைரக்டரி, அந்த 49க்குப் பின்னால் இன்னொரு குறியீட்டையும் சேர்த்தே அனுப்புகிறது. பெயர் இல்லை என்றால் 525. பாஸ்வேர்ட் தவறு என்றால் 52இ. பாஸ்வேர்ட் காலாவதி ஆகிவிட்டது என்றால் 532. அக்கவுண்ட் பூட்டப்பட்டிருந்தால் 775. முதல் முறை நுழையும்போது பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால் 773. சில மெயில் சர்வர்களின் லாக் பைலில் இது பதிவாகும். பார்க்க வேண்டியவர் பார்த்தால் போதும்.

நண்பரின் மகள் விஷயத்தில் முதலில் பதிவாகியிருந்தது 773. ஆக்டிவ் டைரக்டரியில் புதிய யூசரை உருவாக்கும் கட்டத்தில், அடுத்த முறை நுழையும்போது பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்ற வரிக்கு முன்னால் ஒரு டிக் அடையாளம் இருக்கும். நாம் எடுக்காவிட்டால் அது இருந்துகொண்டே இருக்கும். கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் விண்டோஸ் வழியே நுழைந்திருந்தால், புதிய பாஸ்வேர்ட் கேட்கும் திரை தானாக வந்திருக்கும். வீட்டிலிருந்து மெயில் புரோகிராம் வழியே வந்தால் வராது. ஏனென்றால் மெயிலை எடுத்துத் தரும் பாப், ஐமேப் என்ற முறைகளில் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான கட்டளையே கிடையாது. வாட்ச்மேனுக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்தான்: பாஸ்வேர்ட் தவறு.

இதில் எனக்குக் கோபம் வருவது எதனால் தெரியுமா? சரியான பாஸ்வேர்டைத் தந்தவருக்கு மட்டும்தான் 773 என்ற குறியீடு வரும். தவறாக டைப் செய்திருந்தால் 52இ வந்திருக்கும். அதாவது, அந்தப் பெண் சரியாகத்தான் டைப் செய்தாள் என்பதற்கான சாட்சி அந்தச் சர்வரிலேயே இருந்தது. அதைப் பார்க்காமல்தான் "சரியாக டைப் பண்ணும்மா" என்று இரண்டு நாட்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வாட்ச்மேனுக்கு இன்னொரு வாக்கியம் கற்றுக்கொடுக்கவும் வழி இருக்கிறது. பாஸ்வேர்ட் காலாவதி என்பதைத் தனியாகத் தெரிவிப்பதற்கான சொல் ஒன்று 2009லேயே ஐமேப் விதிகளில் சேர்க்கப்பட்டது. சரியான பாஸ்வேர்ட் தந்தவரிடம் மட்டும் அதைச் சொன்னால் ரகசியம் எதுவும் கெட்டுப்போகாது. சொல்லும்படி சர்வரை அமைக்க யாராவது மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். கூகுள், மைக்ரோசாப்ட் தரும் மெயில் வசதிக்கு மாறிய கல்லூரிகளில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே பிரவுசர் வழியே நுழைவதால், பாஸ்வேர்டை மாற்றும் திரை கண் முன்னே வந்துவிடும். சொந்தமாக மெயில் சர்வர் நடத்தும் இடங்களில்தான் இது தொடர்கிறது.

நம் பக்கம் தவறே இருக்காது என்று நான் சொல்லவில்லை. கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் தமிழ் கீபோர்டையும் சேர்த்து வைத்திருப்பவர்கள், அது ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று டாஸ்க் பாரில் கவனியுங்கள். பாஸ்வேர்ட் கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் எது விழுகிறது என்று தெரியாது. எனவே நோட்பேடைத் திறந்து அதில் ஒருமுறை டைப் செய்து, தாளில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டு, டைப் செய்ததை அழித்துவிட்டு மூடிவிடுங்கள். தாளில் இருப்பது ஆங்கில எழுத்து ஓ-வா, பூஜ்யமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முறை முயன்று பார்த்தும் ஏற்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது முறை வேறு பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கவே கூடாது. பேங்க் அக்கவுண்ட் பாஸ்வேர்டை அந்தக் கட்டத்தில் டைப் செய்தால், அது அந்தக் கல்லூரியின் சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. வழியில் யாரும் படிக்க முடியாதபடி போகலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் படிக்க முடியும். பரவலாகப் பயன்படும் டவ்காட் என்ற மெயில் சர்வரில், தவறாக வந்த பாஸ்வேர்டுகளை லாக் பைலில் எழுதி வைக்கும் வசதி கூட இருக்கிறது. பழுது பார்ப்பதற்காக அதைச் செயல்படுத்திவிட்டு, அணைக்க மறந்தவர்களும் உண்டு.

போன் செய்யும்போது "என் பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்காதீர்கள். "உங்கள் லாக் பைலில் என் பெயருக்கு என்ன குறியீடு வருகிறது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு உங்கள் பழைய பாஸ்வேர்டையே ஒருவர் படித்துச் சொல்கிறார் என்றால், அங்கே பாஸ்வேர்டுகள் படிக்கக்கூடிய வடிவில் கிடக்கின்றன என்று பொருள். ஒழுங்காக அமைக்கப்பட்ட டைரக்டரியில் அதை நிர்வாகியாலும் படிக்க முடியாது. புதிதாக ஒன்றைத் தரத்தான் முடியும். உங்களிடமே பாஸ்வேர்டைக் கேட்டால் சொல்லாதீர்கள். பழுது பார்க்க அது தேவையில்லை.

நண்பரின் மகள் வியாழக்கிழமை நேரில் போய் இந்தக் கேள்வியைக் கேட்டாள். பூட்டைத் திறந்து, லேப் கம்ப்யூட்டரில் ஒருமுறை நுழைந்து பாஸ்வேர்டை மாற்றப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. படிவம் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து, பயத்தில் போட்டுப் பார்த்த மற்ற பாஸ்வேர்டுகளை எல்லாம் அந்தந்தத் தளங்களில் ஒவ்வொன்றாக மாற்றினாள். அதற்குத்தான் வெகு நேரம் பிடித்தது.