பினாங்கு முதல் தைப்பிங் வரை

தீபகற்ப மலேசியாவில் ஆங்கிலிக்கன் ஆலயமாகவே கட்டப்பட்டவற்றுள் மூத்தது பினாங்கின் புனித ஜார்ஜ் ஆலயம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அதை 1818இல் கட்டி முடித்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அடுத்த ஆண்டு கல்கத்தா பேராயர் மிடில்டன் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். பினாங்கிற்குத் தெற்கே, அன்று பேராக்கின் தலைநகராயிருந்த தைப்பிங்கில், சகல பரிசுத்தவான்கள் ஆலயம் 1886இல் எழும்பியது. மழைக்குப் பேர்போன ஊரில் அந்த மரக்கட்டடம் இன்றும் நிற்பது, தலைமுறைதோறும் பேணியவர்களின் அருமையான பணி. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஆங்கிலேயர் பலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பினாங்கில் கல் சுமந்த கைதிகளின் கதையையும் நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.