இறக்கிய நட்சத்திரத்துக்கும் ஒரு பேக்கிங் லிஸ்ட்

 

மூன்று இராஜாக்கள் திருநாள் முடிந்துவிட்டது. இன்னும் பல வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது. போகிக்குள் இறக்கிவிடுவீர்கள். இறக்கியதை எங்கே, எப்படி வைக்கப் போகிறீர்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. "சாருக்கு ரிட்டயர்டு ஆனதும் வேற வேலை இல்லை" என்று சிரிக்காதீர்கள். முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என் வீட்டம்மா இல்லாமல் வந்த முதல் கிறிஸ்துமஸ் இது. 24ஆம் தேதி சாயங்காலம் மகனும் பேத்தியும் குடில் கட்டினார்கள். மாதா, சூசையப்பர், ஆடு, ஒட்டகம் எல்லாம் பரணில் இருந்த சாக்குப் பையில் கிடைத்தன. ஓர் இராஜாவுக்குத் தலை போயிருந்தது. குழந்தை இயேசுவைக் காணவே காணோம். வீட்டைப் புரட்டிப் போட்டும் கிடைக்கவில்லை. "அப்பத்தா எங்க வெச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா தாத்தா?" என்றாள் பேத்தி. எனக்குத் தெரியவில்லை. தீவனத் தொட்டியைக் காலியாகவே விட்டுவிட்டு நடுச்சாமப் பூசைக்குப் போனோம்.

29ஆம் தேதி தையல் மெஷின் டிராயரில் கிடைத்தது. வெள்ளைப் பனியன் துணியில் சுற்றி, நூல் கட்டி இருந்தது. சின்ன உருவம், தொலைந்துவிடும் என்று தனியாக வைத்திருக்கிறார். போன வருடம் உடம்பு முடியாமல் இருந்தபோதும் அந்த ஒன்றை மட்டும் தன் கையால் சுற்றி வைத்தார். மற்றதைச் சாக்கில் கொட்டிப் பரணில் ஏற்றியது நான். இராஜாவின் தலை போனதற்கும் நானே பொறுப்பு.

என் கருத்து இதுதான். அலங்காரம் கட்டும்போது வீடே கூடுகிறது. போட்டோ எடுக்கிறோம். இறக்கும்போது ஒரே ஓர் ஆள் மிஞ்சுகிறார். பெரும்பாலும் அது அம்மா. எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு முழுக்க அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் படுத்துவிட்டால் வீட்டுக்கே விடை தெரியாத கணக்காகிவிடுகிறது. எடுத்து வைக்கும் வேலையையும் பண்டிகையின் கடைசி நாளாக நினைத்து எல்லோரும் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

இதை எப்படிச் செய்வதென்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து கடல் தாண்டிப் போகும் ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்கும் நம்பர் உண்டு. எந்தப் பெட்டியில் எந்தக் கலர், எந்த சைஸ், எத்தனை பீஸ் என்று பேக்கிங் லிஸ்ட் உண்டு. வெளிநாட்டுக் கிறிஸ்துமஸுக்கான துணியை ஆடி, ஆவணியிலேயே எண்ணி அடுக்கி அனுப்புகிற கைகள், சொந்த வீட்டு நட்சத்திரத்தைச் சாக்கில் திணிக்கலாமா? பேக்கிங் செக்‌ஷனில் இருக்கும் என் மாணவர்களே, கம்பெனியில் செய்வதை வீட்டிலும் செய்யுங்கள்.

நான் இந்த வாரம் பேத்தியோடு செய்ததைச் சொல்கிறேன். பழைய எக்ஸ்போர்ட் பெட்டி இரண்டு எடுத்தோம். குடில் உருவங்கள் ஒன்றில், நட்சத்திரமும் விளக்கும் இன்னொன்றில். மண் உருவங்களை நியூஸ் பேப்பரில் சுற்றினால் மை ஒட்டும். வெள்ளை கட்டிங் வேஸ்ட்தான் நல்லது. சாயத் துணி ஈரம் பட்டால் கறை இறங்கும், வேண்டாம். பாலிபேக்கில் போட்டு இறுக்கமாகக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிவிடும். ஒரு நாள் காயவைத்துத் துணியில் சுற்றினால் போதும். கனமானது அடியில், லேசானது மேலே.

சீரியல் செட்டை ஒருமுறை எரியவிட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். அட்டைத் துண்டில் சுற்றினால் சிக்கு விழாது. பேட்டரி விளக்கென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்து விளக்கையே கெடுத்துவிடும். வைக்கோலைச் சேர்த்து வைக்காதீர்கள், எலிக்கு அழைப்பிதழ் கொடுத்த மாதிரி. மெழுகுவர்த்தியைப் பரணில் வைத்தால் சித்திரை வெயிலில் வளைந்துவிடும். கடைசியாகப் பெட்டியின் மேல் என்னென்ன, எத்தனை என்று எழுதி ஒட்டினோம். "குழந்தை இயேசு – 1" என்பது முதல் வரி. எழுதியது பேத்தி.

"புது நட்சத்திரம் வாங்கினால் போச்சு சார்" என்பீர்கள். கடையில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் பழையது எங்கே போகும்? நம் ஊர்க் குப்பையைப் பாறைக்குழியில் கொட்டுவதற்கு எத்தனை சண்டை நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். ஜிகினாவையும் பிளாஸ்டிக் மாலையையும் போகித் தீயில் போட்டால் அந்தப் புகையை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள்.

கணக்கு வாத்தியார் என்பதால் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. ஜெர்மனியில் மொரேவியன் சபைப் பள்ளி விடுதிகளில் 1830களை ஒட்டி வடிவியல் பாடமாகக் காகித நட்சத்திரம் செய்யவைத்தார்கள். 1897இல் அந்தச் சபையைச் சேர்ந்த பீட்டர் வெர்பேக் என்பவர் தனித்தனி முனைகளாகப் பிரித்து மாட்டக்கூடிய நட்சத்திரத்தைச் செய்தார். ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். பண்டிகை முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் வைத்து, அடுத்த வருடம் பிள்ளைகளோடு சேர்ந்து மாட்டலாம். அடுத்த வருடத்தையும் யோசித்துச் செய்த பொருள் அது.

லைன் வீட்டில் இருப்பவர்களும், வருடா வருடம் வாடகை வீடு மாறுபவர்களும் "எங்களுக்குப் பரணே இல்லை சார்" என்பீர்கள். உங்களுக்குத்தான் இது அதிகம் உதவும். கட்டிலுக்கடியில் போகும் ஒரே பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதில் கொள்ளாததை வாங்காதீர்கள். வீடு மாறும்போது முதலில் தூக்க வேண்டியது எதுவென்று தெரியும். கொலு பொம்மை வைக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் இதே கணக்குதான்.

தலை போன இராஜாவை ஃபெவிகால் வைத்து ஒட்டியிருக்கிறேன். கழுத்தில் கோடு தெரிகிறது, இருக்கட்டும். தையல் மெஷின் டிராயரில் இருந்த அந்தப் பனியன் துணியை மாற்றவில்லை. அதே துணியிலேயே சுற்றிப் பெட்டிக்குள் மேலாக வைத்தோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் அம்மா ஸ்டூல் மேல் ஏறுவதற்கு முன்னால் நீங்கள் ஏறுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எது எங்கே என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி ரெடியானதும் கமெண்டில் போட்டோ போடுங்கள். திருத்தி மார்க் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்