உணவுப் பை மட்டும் போதுமா?

கம்பம் பள்ளத்தாக்கின் சர்ச் வளாகங்களில் காய்கறித் தோட்டம் போட்டு, விளைவதை இல்லாதவர்களுக்குக் கொடுத்தால் என்ன? நல்ல யோசனை, ஆதரிக்கிறோம். ஆனால் மண்வெட்டியை எடுக்கும் முன் மூன்று கேள்விகள்: நிலம் யார் பொறுப்பில்? உழைப்பது யார்? வரிசையில் நிற்பது யார்?

1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்தபின் இங்கே இருபோகம் விளைந்தது. நாற்று நட்டதும் களை எடுத்ததும் நம் பெண்கள். பட்டா மட்டும் பெரும்பாலும் வேறு பெயர்களில். அதனால்தான் இன்றும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலை தாண்டி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிறோம். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். ஆனால் வேலை இல்லாத வாரத்தில் குழம்பில் முதலில் குறைவது காயும் பருப்பும்தான். விளையும் ஊரிலேயே இந்த நிலை.

பகிர்வது சபைகளுக்குப் புதிதல்ல. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கம் நம் அம்மாக்களுடையது. அறுப்பின் பண்டிகைக்குப் பூசணியும் வாழைத்தாரும் கொண்டுபோய் ஏலம் விடுகிறோம். பசித்தவரும் கொடுக்கிறார் என்பதை இந்த வழக்கங்கள் காட்டுகின்றன. அப்படிக் கொடுப்பவரை வெறும் பயனாளி என்று எழுதுவது அவமானம்.

வேதாகமமே இரண்டு வழி சொல்கிறது. லேவியராகமம் 19-ம் அதிகாரம் வயல் ஓரத்தை எளியவருக்கு விடச் சொல்கிறது. 25-ம் அதிகாரமோ ஐம்பதாம் ஆண்டில் நிலத்தையே திருப்பித் தரச் சொல்கிறது. முதலாவது தருமம், இரண்டாவது நீதி. நம் சபைகளில் முதலாவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகள் 1890-களில் கஞ்சி ஊற்றுவதோடு நிற்கவில்லை, பறையர்களுக்கு நிலம் கேட்டார்கள். கலெக்டர் டிரெமன்ஹீரின் 1891 அறிக்கைக்குப் பின் 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் போராடியபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிலம் கேட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும்.

செய்து காட்டியவர்களும் உண்டு. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் தலித் பெண்களின் சங்கங்கள், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் துணையோடு, தரிசை உழுது சோளம் விளைவித்தன. கிராமத்திலேயே தானியம் சேமித்து, யாருக்கு எவ்வளவு என்று தாங்களே முடிவு செய்தன. கொடுப்பதும் வாங்குவதும் அங்கே ஒரே கைகள்.

எனவே தோட்டம் தொடங்குகிற சபைகளிடம் கேளுங்கள். நிலத்தைப் பெண்கள் குழுவின் பெயரில் எழுத்துக் குத்தகையாக, குறைந்தது ஐந்து ஆண்டுக்குத் தாருங்கள். ஊழியம் என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காதீர்கள், கூலியோ விளைச்சலில் பங்கோ கொடுங்கள். கிணற்றுக்கும் மோட்டாருக்கும் குழுவுக்கு உரிமை வேண்டும். காய் கொடுக்கும்போது போட்டோ வேண்டாம், மதம் கேட்க வேண்டாம்.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையே சாதிச் சுவர் பிரித்தது. உயிரோடிருப்பவர்களின் தோட்டத்தில் அந்தச் சுவர் எழும்பாமல் பார்ப்பது நம் வேலை. அடுத்த சபைக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போங்கள் தம்பி, தங்கைகளே. விதைக்கு முன் குத்தகைப் பத்திரத்தைக் கேளுங்கள்.