விடுமுறைக் கோர்ட்டும் வீட்டுக் கூரையும்

கத்தரி கழிந்துவிட்டது, காற்று இறங்கிவிட்டது, குற்றாலத்தில் சாரல் தொடங்கப் போகிறது என்று ஊரிலிருந்து தொலைபேசியில் சொல்கிறார்கள். பம்பாயில் நமக்கு இன்னும் கழியவில்லை. (மும்பை என்று பெயர் மாறியது 1995-இல். ஆனாலும் நம் வாய்க்குப் பம்பாய்தான் வருகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) தகரக் கூரையின் கீழே பகல் பன்னிரண்டு மணிக்குக் குழந்தையைத் தூங்க வைக்க முடிகிறதா என்று எந்தத் தாயையும் கேட்டுப் பாருங்கள். குழாயில் தண்ணீர் நூல் போல வருகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கேனும் டிரம்மும் வரிசையில் வைத்தால்தான் அன்றைக்குச் சோறு. கட்டரிலிருந்து வாரிப் போட்ட சேறு வாசலிலேயே காய்ந்து, மீண்டும் கட்டருக்குள் போக முதல் மழைக்காகக் காத்துக் கிடக்கிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போன குடும்பங்கள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. நாகர்கோவில் வண்டியிலும் திருநெல்வேலி வண்டியிலும் கால் வைக்க இடமில்லை. கருப்பட்டி, மிளகாய் வற்றல், வடகம், பாட்டி கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடி எல்லாம் வந்து இறங்குகின்றன. ஜூன் நடுவில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதற்குள் கூரைக்கு டாம்பர் பூச வேண்டும், நீலத் தார்ப்பாய் வாங்கிக் கட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். இந்த மூன்றில் எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது என்பதே இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிற விவாதம்.

இந்த நேரத்தில்தான் நோட்டீசும் வருகிறது.

ஏன் இந்த நேரத்தில்? ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, மழைக்காலத்தில், மக்கள் குடியிருக்கும் வீடுகளை இடிக்கக்கூடாது என்பது இந்த மாநில அரசின் ஆணை. நல்ல ஆணை. ஆனால் அதன் மறுபக்கம், இடிக்க நினைப்பவர்கள் மே மாதத்துக்குள் முடித்துவிடத் துடிப்பார்கள் என்பது. அதே மே மாதத்தில்தான் உயர்நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. சென்ற வாரம் நம் சங்க அறைக்கு நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஓர் அம்மா, "கோர்ட்டு தொறந்திருக்காய்யா?" என்றுதான் முதலில் கேட்டார். விடுமுறைக் கால அமர்வு உண்டு, அவசர வழக்கை எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னோம். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. உச்சநீதிமன்றம் 2024-இல் தன் விதியைத் திருத்தி, கோடை விடுமுறை என்ற பெயரையே நீக்கிவிட்டு, 'பகுதி வேலை நாட்கள்' என்று வைத்துக்கொண்டது. பெயரை மாற்றுவதில் நம் நாட்டுக்கு உள்ள திறமை வேறெதிலும் இல்லை.

ஆனால் விடுமுறைக் கோர்ட்டை இழிவாகப் பேசவும் நமக்கு மனம் வரவில்லை. 1975-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாளை எண்ணிப் பார்க்கிறோம். அலகாபாத் உயர்நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. தடை கேட்டு உச்சநீதிமன்றம் வந்தார்கள். கோடை விடுமுறை. இருந்தவர் விடுமுறை நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் ஒருவரே. சட்ட அமைச்சர் கோகலே அவரை நேரில் பார்க்க விரும்பினார். நேரில் வரத் தேவையில்லை, மனுவைப் பதிவாளரிடம் கொடுக்கலாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டதாகக் கிருஷ்ணய்யர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பிரதமர் பதவியில் நீடிக்கலாம், மக்களவையில் வாக்களிக்க முடியாது என்று நிபந்தனையோடுதான் தடை கொடுத்தார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிருஷ்ணய்யர் அரசியல் அறியாத துறவி அல்லர். 1957-இல் கேரளத்தில் நம்பூதிரிபாடு அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். அரசியலிலிருந்து நீதிபதி ஆசனத்துக்கு வந்த மனிதர் அமைச்சருக்குக் கதவைச் சாத்தினார். அரசியலையே தொடாதவர்கள் என்று சொல்லிக்கொள்கிற பலர் அதே கதவைப் பாதி திறந்தே வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒருவர் முன்பு எங்கே இருந்தார் என்பதைவிட, ஆசனத்தில் இருக்கும்போது அடுத்து எங்கே போகலாம் என்று பார்க்கிறாரா என்பதுதான் நமக்குக் கேள்வி.

இதெல்லாம் மேலிடத்துச் சங்கதி, கூலிக்காரனுக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் சீத்தா கேம்ப்புக்குப் போய் முதியவர்களிடம் பேசிப் பார்க்கட்டும். 1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், நெருக்கடி நிலையில் ஒருவனைக் காரணமின்றிச் சிறையில் போட்டாலும் அவன் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். எதிர்த்து எழுதியவர் எச். ஆர். கன்னா ஒருவர்தான். அவருக்குச் சேர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அடுத்த ஆண்டு அவருக்கு இளையவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு வந்து பத்தொன்பதாவது நாள், மே 17 அன்று, மான்குர்து ஜனதா காலனியை இடித்தார்கள். சுமார் 70,000 பேர், நம் தமிழர் ஏராளம், மழைக்கு மூன்று வாரம் இருக்கையில் சீத்தா கேம்ப்பின் சேற்று நிலத்தில் கொண்டு போய் விடப்பட்டார்கள். அந்த மக்களைத் திரட்டி நின்ற ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த தமிழர். தில்லியில் நால்வர் எழுதிய தீர்ப்பும் மான்குர்தில் விழுந்த சுவரும் தொடர்பில்லாதவை என்று வக்கீல்கள் சொல்லக்கூடும். தட்டிக் கேட்பதற்கு ஓர் இடமும் இல்லை என்று ஆட்சியாளர்களுக்குத் தெரிந்துவிட்ட ஒரு மாதத்தில் அந்தச் சுவர் விழுந்தது என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

அடுத்தது 1981. முதலமைச்சர் அந்துலே, நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கு அனுப்பப் போவதாக ஜூலை 13 அன்று அறிவித்தார். கொட்டுகிற மழை. சேலம் மாவட்டத்தில் வறட்சியால் வேலையிழந்து 1961-இல் பம்பாய் வந்த ஒரு நிலமற்ற கூலி. இரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் கூரைக்கு ஒரு தாதாவிடம் 2,500 ரூபாய் அழுதவர். அவர் குடிசையை ஜூலை 23 அன்று பிரித்து, குடும்பத்தைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவி மக்கள் ஊரில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மீண்டும் நடைபாதையில் படுத்தார். இது கதையல்ல, உச்சநீதிமன்றத் தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கிறது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் 1985 ஜூலை 10 அன்று, பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதே என்று தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் எழுதினார். அதே கையால், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து இடிக்கலாம் என்றும் எழுதினார். அக்டோபர் 31 வரை, அதாவது மழை முடியும் வரை, நடைபாதைக் குடிசைகளைத் தொடக்கூடாது என்றார். 1976-இல் கன்னாவோடு சேராத நால்வரில் ஒருவரும் அவரே. ஓய்வு பெறுவதற்கு முதல் நாள் வந்த தீர்ப்பு இது. மனிதரை முழுதாகப் புகழவும் முடியவில்லை, முழுதாகத் திட்டவும் முடியவில்லை. இன்றுவரை நம் வக்கீல்கள் நீதிமன்றத்தில் எடுத்து வைக்கிற முதல் தாள் அந்தத் தீர்ப்புதான்.

நம்மைப் பஸ் ஏற்றிய அந்துலே என்ன ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சிமெண்டு ஒதுக்கீட்டுக்கும் தம் அறக்கட்டளைக்கு வந்த நன்கொடைக்கும் தொடர்பு உண்டு என்று 1982 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி லெண்டின் தீர்ப்பளித்தார். பதவியில் இருக்கும் முதலமைச்சர், ஆளும் கட்சிக்காரர். தீர்ப்பு வந்ததும் பதவி விலகினார். அப்படியும் ஒரு நீதிபதி இதே ஊரில் இருந்தார்.

இப்போதைய காலத்துக்கு வருவோம். 2024 ஜூன் 6 அன்று பவாயில் ஜெய் பீம் நகர் குடிசைகள் இடிக்கப்பட்டன. மழைக்கால ஆணை நடைமுறையில் இருந்தபோதே! உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வழக்குப் பதிவாயிற்று. 2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுலா வடிகாலைச் சீர்செய்ய வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றமே நாள் குறித்தது. ஏறத்தாழ 370 தமிழ்க் குடும்பங்கள், பல பத்தாண்டுகளாக வேரூன்றியவர்கள். அவற்றில் ஒரு பகுதிக் குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீடு. அது சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால். வீட்டு வேலைக்கும் சமையல் வேலைக்கும் போகிற பெண் நாள்தோறும் அங்கிருந்து வந்து போக முடியுமா? ஊருக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்லெண்ணம்தான். ஆனால் அதைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சேலம் பஸ்.

அதே தில்லியில், அதே கோடையின் தொடக்கத்தில், மார்ச் 14 இரவு, உயர்நீதிமன்ற நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் அரசு இல்ல வளாகத்தில் தீப்பிடித்தது. அணைக்கப் போனவர்கள் எரிந்த பணக்கட்டுகளைக் கண்டதாகச் செய்தி. பணம் தம்முடையதல்ல என்றார் அவர். நீதிபதிகளே விசாரித்தார்கள், அவரை அலகாபாத்துக்கு மாற்றினார்கள், பதவி நீக்கத் தீர்மானம் வந்தது, ஆகஸ்டில் மக்களவைத் தலைவர் மூவர் குழு அமைத்தார். ஒரு நீதிபதியின் மேல் குற்றம் உண்டா இல்லையா என்று பார்க்க எத்தனை படிகள், எத்தனை பொறுமை! அது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நீதிபதியை எளிதில் தூக்கி எறிய முடிந்தால் அந்துலேக்கள் லெண்டின்களைத் தூக்கி எறிவார்கள். அந்தப் பொறுமையில் கால் பங்கு மதராசி கேம்ப்பில் விடுபட்ட குடும்பங்களின் காகிதங்களைப் பார்ப்பதில் காட்டப்பட்டதா என்றுதான் கேட்கிறோம்.

நம் பக்கத்துக் கறையையும் மறைக்க மாட்டோம். உச்சநீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி தமிழ்நாட்டவர். சண்டிகரில் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசுப் பணத்தில் வீட்டுக்கு வாங்கிக் குவித்த சாமான்கள் பற்றிய குற்றச்சாட்டில், மூன்று நீதிபதிகள் கொண்ட குழு 14-இல் 11 குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கூறியது. 1993 மே மாதம், இதே வெயிலில், தீர்மானம் மக்களவைக்கு வந்தது. ஆதரவாக 196 பேர். எதிர்த்து ஒருவர்கூட இல்லை. ஆளும் காங்கிரசார் உட்பட 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் தோற்றது. தென்னாட்டவர் என்பதால் பழிவாங்குகிறார்கள் என்ற பேச்சு அப்போது எழுந்தது. நம் தேநீர்க் கடைகளிலும் அதைச் சொன்னவர்கள் உண்டு. 1999-இல் அவர் அ.தி.மு.க. வேட்பாளராகச் சிவகாசியில் நின்று தோற்றார். நம்மவர் என்று நாம் தூக்கிப் பிடித்தது யாரை என்று இப்போதாவது கேட்டுக்கொள்ள வேண்டாமா?

1997-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் தங்களுக்குத் தாங்களே பதினாறு நெறிகளை வகுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று, நீதிபதி எந்த மன்றத்தின், சங்கத்தின் பதவிக்கும் தேர்தலில் நிற்கக்கூடாது என்பது. நம் சங்கத்துப் பொருளாளர் தேர்தலில்கூட நிற்க முடியாது. ஆனால் ஆசனத்தை விட்டு இறங்கிய மறுநாள் எங்கும் போகலாம். தலைமை நீதிபதி சதாசிவம் 2014-இல் ஓய்வு பெற்ற சில மாதங்களில் கேரள ஆளுநர். தலைமை நீதிபதி கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு, 2020 மார்ச்சில் மாநிலங்களவை நியமன உறுப்பினர். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி கங்கோபாத்யாய் 2024 மார்ச்சில் பதவி விலகி, அதே வாரத்தில் பாரதிய ஜனதாவில் சேர்ந்து, தம்லுக்கில் வென்றார். காங்கிரசு காலத்திலும் இதுதான். பகருல் இஸ்லாம் 1983-இல் உச்சநீதிமன்றத்தை விட்டது மக்களவைத் தேர்தலுக்காக. இவர்கள் தீர்ப்புகளை விற்றார்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை. ஆனால் நோட்டீசோடு வந்த அந்த அம்மா இந்தப் பட்டியலைக் கேட்டால் என்ன நினைப்பார்? இடிக்க வருகிற அரசும், ஓய்வுக்குப் பின் பதவி கொடுக்கிற அரசும் ஒன்றாக இருக்கையில், நடுவில் உட்கார்ந்திருப்பவரை அவர் எப்படி நம்புவார்?

ஓய்வுக்கும் அரசுப் பதவிக்கும் இடையே குறைந்தது சில ஆண்டுகள் இடைவெளி வேண்டும் என்று சட்டம் செய்யட்டும். 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்ற நீதிபதிகள் தங்கள் சொத்து விவரத்தை வெளியிட்டார்கள், வரவேற்றோம். எல்லா உயர்நீதிமன்றங்களும் அதைச் செய்யட்டும். மழைக்கு முந்திய இரண்டு வாரங்களில் வீடு இடிக்கும் எந்த ஆணையும், பாதிக்கப்பட்டவர் விடுமுறை அமர்வின் முன் நின்று பேசும் வரை நடைமுறைக்கு வரக்கூடாது என்று நம் சங்கத்தின் சார்பில் மனு தயாராகிறது. கையெழுத்துக்கு வருகிறோம்.

இதற்கிடையில் நாமும் ஒரு வேலை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பழைய ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, குடிசைக் கணக்கெடுப்பின் போட்டோ பாஸ், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து, மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒழுகாத மூலையில் மாட்டி வையுங்கள். போன மழையில் நனைந்து மை கரைந்துபோன அட்டைகள் நம் சங்க அறையில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு பிரதியைச் சங்கத்தில் கொடுத்து வைக்கலாம். ஞாயிறு மாலை அறை திறந்திருக்கும்.